இரண்டு பக்கமும் மூன்று

ஒரு மணிக்கு வரும் கரண்ட் ஐந்துக்குப் போய்விடும்.
இருபத்தெட்டாம் தெரு, நாலாவது மாடி,
பருப்புத் தரகு அலுவலகம்.
யாங்கோனின் பாதி உளுந்துக் கணக்கு இதற்குள்ளே என்று
அவர்கள் சொல்லும் சர்வரை
மூடி கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் யாரோ தள்ளிவிட்ட பெட்டி.
இரண்டு பிராசசர்.
ஒவ்வொன்றின் இருமருங்கும் சேர்த்துப் பன்னிரண்டு குழி.
முதலில் நிரப்ப வேண்டியவற்றுக்கு வெள்ளைக் காது.
மூடிக்குள் ஒட்டிய படம் பாதி கிழிந்திருந்தது,
மீதிப் பாதியைத் தலைகீழாக்கிப் படித்துக்கொண்டேன்.

பழசு எட்டுப் பட்டை, ஒவ்வொன்றும் எட்டு ஜிபி.
மாதக் கடைசியில் கிட்டங்கி அறிக்கை ஓடும்போது
ஊ ச்சோ தெயின் டீ குடித்து, வெற்றிலை போட்டு,
கீழே போய் ஒரு லாரி ஏற்றிவிட்டு வந்தாலும்
அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

முப்பத்திரண்டில் எட்டு வேண்டும் என்றேன்.
அவர் மைத்துனர் காலுறைக்குள் சுருட்டி
எட்டுதான் கொண்டுவந்தார்.
ஸ்டிக்கரைப் படித்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.
ஏழு ஒரே ரகம். எட்டாவது வேறு.
அதே நீளம், அதே பச்சை,
பொன்பல் வரிசைக்கு மேலே மட்டும்
கூடுதலாய்ச் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள்.

குழியில் உட்காருதே அக்கா, என்கிறான் பியோ.
உட்காரும். போட்டுக் காட்டினேன்.
திரை கறுப்பு. முன்னால் மஞ்சள் விளக்கு மினுக் மினுக்.
மூட்டையில் வேறு ரகம் கலந்தால்
சென்னைக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான்
என்றார் ஊ ச்சோ தெயின். அவருக்குப் புரிந்துவிட்டது.
சரி, ஏழையும் போடு.
நாலு இந்தப் பக்கம், மூணு அந்தப் பக்கம்.

இங்கேதான் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

எனக்கு இரண்டு பெயர்.
அட்டையில் தின் தின் ஏ. வீட்டில் மங்களேஸ்வரி.
வாய்ப்பாடு பர்மியப் பக்கம் இருக்கிறது,
வசவு தமிழ்ப் பக்கம்.
ஏழெட்டு எவ்வளவு என்று அப்பா தமிழில் கேட்டால்
பாலம் கடந்துபோய் எடுத்துவர வேண்டும்.
கிடைக்கும். தாமதமாய்க் கிடைக்கும்.
பிராசசருக்கும் அப்படித்தான்.
தன் பக்கத்துக் குழியில் இருப்பது கையெட்டும் தூரம்.
அடுத்ததன் பக்கத்தில் இருப்பது
கேட்டு, காத்திருந்து, வாங்கி வர வேண்டியது.

இதை அவரிடம் சொல்லவில்லை.
சன்னலுக்குக் கீழே மொஹிங்கா விற்கும் டோ எய்
காவுத்தடியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.
முன்னால் குழம்புப் பானை, பின்னால் கிண்ணங்கள்.
பானை குறையக் குறையப்
பின்கூடையிலிருந்து ஒவ்வொரு கிண்ணமாய்
முன்னால் மாற்றுவாள். காட்டினேன்.
எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.
வாங்கியது எட்டு, போடுவது ஆறு, என்றார்.
கழிவு எவ்வளவு என்று
மனசுக்குள் போட்டுப் பார்க்கும் முகம்.

பழசையும் கூடவே செருகலாம்.
செருகினால் புதுசும் பழசின் நடைக்கு இறங்கிவிடும்.
எட்டையும் உருவி வைத்தேன்.

இரண்டு பக்கமும் மூன்று.
காதை விரித்து, பட்டையின் வெட்டுப் பார்த்து,
கட்டைவிரல் இரண்டாலும் ஒரே அழுத்து.
நுனிக்கு ஒன்றாய்ப் பன்னிரண்டு கிளிக் கேட்க வேண்டும்.
பதினொன்று கேட்டது.
தேடிப் பிடித்து அழுத்தினேன்.

நாலே கால். விசிறிகள் ஊளையிட்டு அடங்கின.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றது திரை.
அறிக்கையை ஓட்டினேன்.
ஊ ச்சோ தெயின் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி
மடிக்கும் முன்னே கடைசிப் பக்கம் வந்து நின்றது.
வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஐந்துக்குச் சொன்னபடி இருட்டு.
செல்போன் வெளிச்சத்தில்
ரசீதில் தின் தின் ஏ என்று கையெழுத்துப் போட்டேன்.
மிஞ்சிய ஏழாவதை உறையிலிட்டு
நல்லது என்று பர்மியத்தில் எழுதினேன்,
பியோ படிக்க வேண்டுமே.
எட்டாவதன் உறைக்குத் தமிழ்தான் வந்தது.
இந்த மாடியில் யாருக்கும் படிக்கத் தெரியாது,
அதனால் பெரிதாகவே எழுதினேன்.